எண் போட்ட பொட்டலம்

என் ஆய்வு வழிகாட்டி பாக் ஹர்சோனோவைச் சந்திப்பது குதிரைக்கொம்பு. காலையிலிருந்து அவர் அறை வாசலில் தவம் கிடந்த பிறகு, ஒருவழியாக "உள்ள வாம்மா, வெனிங்" என்று கூப்பிட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் விடுதித் தோழி ரத்ரி அனுப்பிய படம் கைப்பேசியில் வந்தது. தட்டு நிறையப் பொரித்த தெம்பேத் துண்டுகள், ஓரத்தில் மிளகாய்ச் சம்பல். கீழே, "யாரு வச்சதோ, நல்லா இருக்கணும்!"

அப்படியே திரும்பி ஓடினேன். அது என் ஆய்வு.

பூனைக்காலிப் பயறில் நஞ்சு உண்டு. நாட்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால்தான் போகும். எவ்வளவு ஊறினால் எவ்வளவு போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அதற்காக நன்றாக ஊறியது, அரைகுறையாக ஊறியது, ஊறவே ஊறாதது என்று மூன்று விதப் பயறைப் புளிக்கவைத்துத் தெம்பேயாக்கி, வாழையிலையில் மூன்று பொட்டலமாகக் கட்டியிருந்தேன். ஆய்வுக்கூடத்தில் நஞ்சை அளப்பவருக்கு எது எதென்று தெரியக்கூடாது. அதனால் வெறும் எண்தான் எழுதினேன். ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி படுத்துவிட்டதால் விடுதிக் குளிர்பெட்டியில் கொண்டுவந்து வைத்தேன். விடுதியில் ஒரே சட்டம்: பெயர் எழுதாத பண்டம் பொதுச்சொத்து. இத்தனை வருடம் அங்கேயே குப்பை கொட்டியவளுக்கு அது மறந்துபோனது. மண்டையில் களிமண்தான் இருந்திருக்க வேண்டும்.

"எங்கம்மா ஓடுற? நாளைக்கு நான் ஜகார்த்தா போயிருவேன்!" என்று பாக் கத்தினார். போகட்டும். ரத்ரி அழைப்பை எடுக்கவில்லை. வாடகை பைக்கில் ஏறி, ஓட்டியவரை வழியெல்லாம் விரட்டினேன்.

சமையலறையில் ரத்ரி விரலைச் சூப்பிக்கொண்டு நின்றாள்.

"எந்த நம்பர்டி தின்ன?"

"நம்பரா? நான் என்ன லாட்டரியா வாங்கினேன்?"

"அதுல விஷம் இருக்குடி!"

அவள் முகம் வெளுத்தது. "இலையக் குப்பையில போட்டுட்டேனே..."

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தோம். முட்டை ஓடு, காப்பிச் சக்கை, யாரோ வாரிப்போட்ட முடி. அடியில் கசங்கிய இலை. ரத்ரி அதைத் தன் சட்டையிலேயே துடைத்துக் காட்டினாள். நானூற்றுப் பதினேழு.

நன்றாக ஊறியது. குளிர்பெட்டியில் மற்ற இரண்டும் கட்டு அவிழாமல் கிடந்தன. அந்தக் குப்பை நடுவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். போன உயிர் திரும்பி வந்தது, அவளுக்கல்ல, எனக்கு.

"நல்லதுதான்டி. ஒண்ணும் ஆகாது."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "விஷத்த ஃபிரிட்ஜ்ல வைக்கிற ஆளு நீ. உன் பேச்ச எப்படி நம்புறது? இந்தா, நீ தின்னு பாப்போம்."

ஒரு வருடமாக அதை ஊறவைத்திருக்கிறேன், அரைத்திருக்கிறேன், பொட்டலம் கட்டியிருக்கிறேன். வாயில் வைத்தது அன்றுதான். மொறுமொறுவென்று அவ்வளவு நன்றாக இருந்தது. இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டினேன்.

ரத்ரி தட்டைப் பறித்துக்கொண்டாள். "போதும். மிச்சம் என்னுது."