கட்டுவோம் என்று சொல்ல வராதவர்

அயர்லாந்தின் கால்வே நகரத்தில் பாதி வீடுகளைக் கட்டி விற்ற ஜெரார்ட் டன்லேவிக்கு, ஐரிஷ் மொழியில் "கட்டுவோம்" என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் வேட்பாளராக நிற்கும் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. தொகுதியின் மேற்குக் கரை முழுக்க ஐரிஷ் பேசுகிறவர்கள். அவர்களுடைய வட்டார வானொலியில் காலை நிகழ்ச்சிக்குப் போவதாக அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். பள்ளிக்கூடத்தில் பதிமூன்று வருடம் அந்த மொழியைப் படித்தவர்தான். படித்ததற்கான தழும்புகூட அவரிடம் இல்லை.

அவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கட்சிக்காரர்கள் ட்ரெஸாவைப் பிடித்தார்கள். அந்த மேற்குக் கரையிலுள்ள கான்னமாராவில் இருபத்தெட்டு வருடமாக ஐரிஷ் ஆசிரியை. இந்த மாதிரி ஆட்களை அவளுக்கு அறவே பிடிக்காது. ஆனாலும் சம்மதித்ததற்குக் காரணம் ஊர்ப் படகுத்துறை. இரண்டு வருடம் முன்பு புயல் அதன் பாதியைத் தின்றுவிட்டது. வானொலியில், ஊரே கேட்க, இந்த மனிதர் "கட்டுவோம்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு சட்டையைப் பிடித்துக் கேட்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள்.

அவளுடைய சமையலறையில் மூன்று நாள் பாடம் நடந்தது. டன்லேவி வினைச்சொற்களைத் தேர்தல் நோட்டீஸின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். எதிர்காலச் சொற்களின் வாலில் ஓர் 'எஃப்' எழுதுவார்கள். அந்தக் கரையில் யாரும் அதை உச்சரிப்பதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திவிட்டு அது மறைந்துவிடும். டன்லேவியோ ஒவ்வொரு எஃப்பையும் சூடான தேநீரை ஊதுவது போல ஊதினார்.

"எஃப் தாளுல மட்டும்தான். வாய்க்கு வரக்கூடாது," என்றாள் ட்ரெஸா.

"அப்புறம் எதுக்கு எழுதுறாங்க?"

"நீங்க ரேடியோவுல பேசப் போறீங்களா, எழுதிக் காட்டப் போறீங்களா?"

அடுத்த தொல்லை, ஐரிஷில் "ஆமாம்" என்று ஒரு சொல் கிடையாது. கேட்ட வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுவீர்களா என்றால் கட்டுவோம், அல்லது கட்டமாட்டோம். சிலர் ஒப்புக்கு "ஷா" என்று சொல்லித் தப்பிப்பார்கள். "அதுதான்" என்பது போல ஒரு சொல். பள்ளிக்கூடத்தில் அரைகுறையாகப் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வார்கள். டன்லேவிக்கு அந்த ஒரு சொல் மட்டும் நன்றாக வந்தது.

"தோக்க" என்று ஆரம்பித்தால் கட்டுவோம். அதே சொல்லை "ஹோக்க" என்று ஆரம்பித்து வாலைச் சற்று மாற்றினால், கட்டியிருப்போம். இரண்டாவதை அவர் கேட்டு வாங்கிக் கற்றுக்கொண்டார். "அதிகாரம் எங்கள் கையில் இருந்திருந்தால் அப்போதே கட்டியிருப்போம்" என்ற ஒரு வாக்கியத்தை எழுதித் தரச் சொன்னார். அது மட்டும் ஒரே நாளில் மனப்பாடம். கட்டுவோமில் மூன்று நாளும் தடுக்கி விழுந்தார். சாக்கு என்றால் நாக்கு எப்படி வழுக்கிக்கொண்டு போகிறது என்று ட்ரெஸா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாள் ஆங்கிலத்திலேயே கேட்டுவிட்டாள், நிஜமாகவே துறையைக் கட்டுவீர்களா என்று. அவர் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி, முதலில் ஜெயிக்க வேண்டுமே என்றார்.

நிகழ்ச்சி நாளன்று ட்ரெஸா ஆசிரியர் அறையில் வானொலியைக் கேட்டாள். மனப்பாடம் செய்ததை டன்லேவி ஒப்பித்தார். இருந்திருந்தால், கட்டியிருப்போம் எல்லாம் பிசிறில்லாமல் வந்தது. பிறகு நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். முதலில் வந்தவன் பார்ட்லி. ட்ரெஸாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். சிங்கி இறால் பிடிக்கிறவன். அந்த உடைந்த துறையில்தான் அவன் படகு கட்டிக் கிடக்கிறது.

"ஒரே கேள்விதான். துறையக் கட்டுவீங்களா?"

"ஷா," என்றார் டன்லேவி.

"ஷா கெடக்கட்டும். கட்டுவீங்களா?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. அதன்பின் டன்லேவி தன் வாய்க்குப் பழகியதை உறுதியான குரலில், தேர்தல் மேடையில் சொல்வதுபோல் சொன்னார். ஹோக்க. கட்டியிருப்போம்.

"கட்டியிருப்பீங்களா? என்ன இருந்திருந்தா?" என்று கேட்டான் பார்ட்லி.

நிகழ்ச்சி நடத்தியவர் சிரிப்பை இருமலாக்கிப் பாட்டுப் போட்டுவிட்டார்.

ஒரு வாரம் கான்னமாரா முழுக்க அதே பேச்சுத்தான். கடையில் பால் இருக்கிறதா என்று கேட்டால், இருந்திருக்கும் என்றார்கள். சொல்லிக்கொடுத்தது யார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். டன்லேவி தொலைபேசியில் அவளிடம் குறைபட்டுக்கொண்டார். ஓர் எழுத்துப் பிசகுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்றார். அது பிசகில்லை, உங்கள் வாயிலிருந்து அன்று வந்த ஒரே உண்மை அதுதான் என்று சொல்லிவிட்டு அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

ஆனால் டன்லேவி ஜெயித்தார். நகரத்து வாக்குகளால் ஜெயித்திருந்தால் ட்ரெஸா தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பாள். எந்தப் பெட்டியில் யாருக்கு எத்தனை என்று கட்சிக்காரர்கள் எண்ணும் இடத்திலேயே குறித்துக்கொள்வார்கள். அவளுடைய சொந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெட்டியில், அவ்வளவு சிரித்த ஊரில், மூன்றில் இரண்டு பங்கு அவருக்கே விழுந்திருந்தது.

அன்று மாலை துறைக்குப் போனாள். பார்ட்லி இறால் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். நீயுமா என்று கேட்டாள். அவன் மறைக்கவில்லை.

"பாவம், நம்ம பாஷையில பேச முயற்சியாவது பண்ணான்ல, டீச்சரம்மா. மத்தவனுங்க இங்கிலீஷ்லயே பேசிட்டுப் போயிட்டானுங்க."

"நல்லா பேசத் தெரிஞ்ச நம்மூர்க்காரன் எவனாவது நின்னிருந்தா?"

"நம்மூர்க்காரனா? அவன் யோக்கியதைதான் நமக்குத் தெரியுமே. அவனுக்கு எவன் போடுவான்?"

மொழியைக் கொலை செய்தவனைவிட, சுத்தமாக, ஒரு பிசகும் இல்லாமல் பேசுகிற இவன் அவளுக்கு அதிகம் கசந்தான். டன்லேவிக்காவது தான் கேட்டது கிடைத்தது. இவன் என்ன கேட்டான் என்பது இவனுக்கே மறந்துபோயிருந்தது.

பார்ட்லி கூட்டிலிருந்து இரண்டு இறால்களை எடுத்து, இராச் சாப்பாட்டுக்கு என்று நீட்டினான். எப்போதும் வாங்கிக்கொள்கிறவள்தான். அன்று கைகளைக் கோட்டுப் பையிலிருந்து எடுக்காமலே காருக்கு நடந்தாள்.