மேம்பாலமும் ஏர் இன்டேக்கும்

என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. அந்த மாதம் இரண்டு முறை லேட். மூன்றாவது முறையும் லேட்டானால் பகல் ஷிஃப்ட் கிடையாது, இரவுதான் என்று மேலதிகாரி எழுதியே கொடுத்துவிட்டார். காரணம், நான் அவளைக் கொண்டுபோய் விடும் எங்கள் பழைய கார். மேம்பாலம் ஏறும்போது இழுக்காது. பின்னால் வரும் லாரிக்காரர் ஹார்னிலேயே திட்டுவார்.

மனைவியின் தம்பிதான் யோசனை சொன்னான்.

"கோல்டு ஏர் இன்டேக் போடுங்க மாமா. இன்ஜினுக்குக் குளிர்ந்த காத்து போச்சுன்னா வண்டி பிச்சுக்கிட்டுப் போகும்."

"நெஜமாவா?"

"என் வண்டில போட்டிருக்கேனே. சத்தம் கேட்டதில்லையா?"

சத்தம் கேட்டிருக்கிறேன். அவன் வேகமாகப் போய்தான் பார்த்ததில்லை. அது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து மாட்டினோம். இன்ஜினுக்குக் காற்று இழுக்க கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் குழாயும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும். ஃபில்டருக்கு லேசாக எண்ணெய் விடச் சொல்லி அட்டையில் போட்டிருந்தது.

"லேசா என்ன லேசா, நல்லா ஊத்துங்க மாமா."

ஊற்றினேன்.

கார் உறுமியது. பிக்கப் கூடிவிட்டது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சத்தந்தான் கூடியிருக்கு. பாலத்துக்கு அதே நாலு நிமிஷந்தான் ஆகுது. நான் தெனம் வாட்ச் பாக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை, பாதிப் பாலத்தில் வண்டி குலுங்கி நின்றது. ஸ்டார்ட் செய்தால் உதறும், உடனே அணையும். அவள் வாட்சைப் பார்த்தாள். கதவைத் திறந்து இறங்கினாள்.

"நான் நடந்துபோய் பஸ் புடிக்கிறேன். நீங்க உங்க காத்தப் பாத்துக்குங்க."

மெக்கானிக் ஒரு சின்ன சென்சாரைக் கழற்றிக் காட்டினார்.

"எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு அளக்குறது இதுதான் சார். ஃபில்டர் எண்ணெய்ல குளிச்சிருக்கு. அந்த எண்ணெய் இதுல படிஞ்சு அளவு தப்பாயிருச்சு, அதான் வண்டி அணையுது."

"குளிர்ந்த காத்துக்காகத்தான் போட்டேன்."

"பழைய பெட்டி ஹெட்லைட் ஓரமா வெளிக்காத்தத்தான இழுத்துச்சு? அதக் கழட்டிட்டு, ரேடியேட்டர் பக்கத்துல, அனல்ல கொண்டுபோய் வச்சிருக்கீங்க. ரோட்டுல ஓடுற சாதா வண்டிக்கு இதெல்லாம் பெருசா ஒண்ணும் கூட்டாது சார்."

"அப்ப பாலத்துல ஏன் இழுக்கல?"

"கிளட்ச் தேஞ்சுபோச்சு. யாரும் சொல்லலையா?"

நான் யாரைக் கேட்டேன், சொல்வதற்கு. கேட்ட ஒரே ஆள் மச்சான். அவன் மூன்று தடவை போன் பண்ணிவிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் வாயில் என்ன வருமென்று எனக்கே தெரியாது.

சாயங்காலம் மனைவி வந்து செருப்பைக் கழற்றினாள். பையை நாற்காலியில் வைத்தாள்.

"திங்கக்கிழமலேருந்து நைட்டு."

நான் கிளட்ச் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன்.

"விடுங்க. நைட்ல பாலம் காலியா இருக்கும். காத்தும் ஜில்லுன்னு வரும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.