சந்தனம் வைத்த ரைஃபிள்

வெள்ளானூரில் துப்பாக்கி வைத்திருந்தவர் கஜபதி ஒருவர்தான். பன்றியிடமிருந்தும் நரியிடமிருந்தும் பயிரைக் காப்பாற்ற அப்பா காலத்தில் வாங்கிய லைசென்ஸ். அதோடு வந்த பாயின்ட் டூ டூ ரைஃபிள். தோட்டா சுண்டுவிரலின் மேல்கணு அளவுதான் இருக்கும். யானையைச் சுட்டால் யானைக்குக் கொஞ்சம் அரிக்கலாம். ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வரப்பில் நடக்கும்போது, தன் பின்னால் ஒரு படையே வருவதாகக் கஜபதிக்குத் தோன்றும். திரும்பிப் பார்த்தால் பெரும்பாலும் ஓர் ஆடு வந்துகொண்டிருக்கும்.

அவர் சுட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வெடிக்காமலே மரியாதை கிடைக்கிறபோது தோட்டாவை எதற்கு வீணாக்குவது? தோட்டாக்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் பத்திரமாக இருந்தன. துப்பாக்கியை வருஷத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு முன்னால், மச்சான் சம்பத் வந்து கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுக் கொடுப்பான். சம்பத், மனைவி வசந்தாவின் தம்பி. பாடி என்கிற ஊரில் லேத்துப் பட்டறையில் ஃபிட்டர். பூஜையன்று மண்வெட்டி, பம்புசெட்டு ஸ்பேனர்கள், அரிவாள்மணை, மொபெட் எல்லாவற்றுக்கும் நடுவில் ரைஃபிள் மாப்பிள்ளை மாதிரி சாய்ந்திருக்கும். அதற்குச் சந்தனம் வைக்கும் உரிமையை மட்டும் கஜபதி யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒரே ஒரு கசப்பு உண்டு. சில வருஷங்களுக்கு முன் அண்ணன் பரந்தாமன், ஏரிப்பக்கத்து நிலத்தை மனை போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். தீபாவளியன்று நியாயம் கேட்கப்போன கஜபதி கொஞ்சம் தண்ணி போட்டிருந்தார். துப்பாக்கியும் கூடப் போயிருந்தது. என்ன நடந்தது என்பது அவருக்குச் சரியாக நினைவில்லை. "சும்மா சத்தம் போட்டேன்" என்பார். அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அடுத்தடுத்த நிலம், மடை திறந்தால்கூட முதுகைக் காட்டிக்கொண்டுதான் திறப்பார்கள்.

எண்பத்தெட்டாம் வருஷம், கடலை பிடுங்கும் சமயத்தில், ஏரிக்கரை முள்காட்டிலிருந்து ஒரு நரி பட்டப்பகலில் ஊருக்குள் வந்தது. ஆளைக் கண்டால் ஓடவில்லை. வாயில் நுரை, பின்கால்கள் பின்னிப் பின்னி நடந்தன. ஒரு பசுவைக் கடித்தது. விலக்கப்போன கோதண்டத்தின் கையையும் கடித்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வெறி நரி என்று ஊருக்குப் புரிந்துவிட்டது.

கஜபதியின் வாழ்க்கை இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். தெருவில் தடிகளோடு நின்றவர்கள் அவரை உள்ளே போகச் சொன்னார்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றார்கள். தன் உயிர்மேல் ஊருக்கு இத்தனை அக்கறையா என்று கஜபதி மார்பை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். வசந்தா கையைப் பிடித்துக்கொண்டு, "போவாதய்யா, சொன்னா கேளு" என்றாள். அதையும் அவர் அன்புக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டார்.

கடலைக் கொல்லையில் நரி நேராக அவரைப் பார்த்து வந்தது. கஜபதி ஒரு முழங்காலை ஊன்றினார். மூச்சைப் பிடித்தார். நெற்றிக்குக் குறிவைத்து விசையை இழுத்தார்.

டிக்.

தோட்டா நமுத்திருக்கும் என்று வேறொன்றைப் போட்டார். மறுபடியும் டிக். நரி இப்போது லுங்கியைக் கவ்வியிருந்தது. கஜபதி மல்லாந்து விழுந்தார். அப்பா காலத்து ஆயுதத்தைத் தடியாகப் பிடித்து ஓங்கினார். அதற்கும் அது லாயக்கில்லை, நழுவிப் போய்விட்டது. அப்போது அவர் தலைக்குமேலாக ஒரு மண்வெட்டி வந்து நரிமேல் இறங்கியது. இன்னொரு முறை இறங்கியது. நரி அடங்கிவிட்டது.

மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றது பரந்தாமன். பக்கத்துக் கொல்லையிலிருந்து வரப்பு, வாய்க்கால் எல்லாம் தாண்டி ஓடிவந்திருந்தார். பல் பட்டதா என்று தம்பியின் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். லுங்கிதான் கிழிந்திருந்தது.

"துப்பாக்கி கீறப்போ நீ ஏண்ணா ஓடியாந்த?" என்றார் கஜபதி. அண்ணனோடு பேசுவதில்லை என்பதை மறந்துவிட்டார்.

"அது வெடிக்காதுன்னு எனுக்குத் தெரியும்டா. அதான் ஓடியாந்தேன்."

சொன்ன பிறகுதான் பரந்தாமனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

மிச்சத்தைக் கஜபதி வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டார். சண்டை நடந்த அந்தத் தீபாவளிக்கு மறுநாளே வசந்தா தம்பியைக் கூப்பிட்டுவிட்டிருக்கிறாள். தோட்டாவைக் குத்துகிற ஊசியை அவன் கழற்றிவிட்டு, கொஞ்சம் குட்டையாக வேறொன்றைக் கடைந்து போட்டிருக்கிறான். அதோடு விட்டாளா? அண்ணன் வீட்டுக்கே போய், இனிமேல் அது வெடிக்காது, பயப்படாமல் தூங்குங்கள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அங்கிருந்து தெருவுக்குப் பரவ எவ்வளவு நேரம் ஆகும்?

கஜபதி ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். துப்பாக்கியோடு போனால் அண்ணன் பிள்ளைகள் ஓடாமல் நின்று சிரித்தது. டீக்கடையில் எழுந்து நின்று வணக்கம் வைத்த பயல்கள். ஒரு செத்த இரும்புக்குத் தான் வருஷாவருஷம் சந்தனம் வைத்தது; பக்கத்தில் நின்று இதே வசந்தா கற்பூரம் காட்டியது. நரி ஒரு லுங்கியோடு விட்டது. வீடு அப்படி விடவில்லை.

சாயங்காலம் சம்பத் வந்தான். பழைய ஊசியைக் கிரீஸ் தடவி மூக்குப்பொடி டப்பாவில் வைத்திருந்தான். மாமா முன்னால் அதை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தவன் தொழில் பெருமையில் வழுக்கி விழுந்தான். "டிக்குன்னு சத்தம் மட்டும் வரணும்னு ரொம்ப மெனக்கெட்டேன் மாமா. இல்லாட்டி நீங்க கண்டுபுட்சிருப்பீங்க."

"நல்லா செஞ்ச, மச்சான்" என்றார் கஜபதி. "நான் சாவுறப்பகூட சத்தம் சுத்தமா வந்துச்சு."

கஜபதி மனைவியிடம் திரும்பினார். அண்ணனை நான் உண்மையாகவே சுட்டிருப்பேன் என்று நினைத்தாயா, இத்தனை வருஷம் கூட வாழ்ந்தும் என்னைத் தெரியாதா என்று கேட்டார்.

வசந்தா கிழிந்த லுங்கியை எரிப்பதற்காகச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"உங்கண்ணன் மேல மட்டுமா நீட்டுன அன்னிக்கு?" என்றாள். "ஊட்டுக்கு வந்து என் மேலயும்தான் நீட்டுன. நெனப்பு இல்லல்ல உனுக்கு."

கஜபதிக்கு உண்மையாகவே நினைப்பில்லை. அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. அவரை ஏமாற்றியவர்கள் வரிசையில், அவருக்குத் தெரியாமல், அவரும் நின்றுகொண்டிருந்தார்.

டப்பாவிலிருந்த ஊசியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடி வசந்தாவின் பக்கம் தள்ளினார்.

"எங்கியாவது வையி. எங்க வெச்சேன்னு ஊருக்கே சொல்லிக்கோ" என்றார். "எனக்கு மட்டும் சொல்லாத. அதான நம்ம ஊட்டு வழக்கம்."

வசந்தா டப்பாவை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, லுங்கியோடு கொல்லைப்பக்கம் போனாள். கஜபதி அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.