ஒரு காது

...தொடக் கூடாது, தொட்டால் இன்னும் கத்துவாள் என்று பிள்ளையின் தாய் உதயகலா முதல் நாளே சொல்லியிருந்தாள், ஆனால் தொடாமல் ஒரு பிள்ளையை மேசைக்கு அடியிலிருந்து எப்படி வெளியே எடுப்பது... இரண்டாம் வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, மிரியம் ரீச்சர் சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தானும் மேசைக்கு அடியில் நுழைந்தாள். தகரக் கூரையில் மழை, லொறியில் கல்லைக் கொண்டுவந்து கொட்டுவது போல. நிரோஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள். ஏழு வயது. கதைக்கமாட்டாள், முகம் பார்க்கமாட்டாள். தன் முகத்தை ஒருமுறை பார்க்கவைக்க மிரியம் பட்ட பாடு கொஞ்சமா, பொட்டு வைத்துப் பழகாத நெற்றியில் மினுங்குகிற நட்சத்திரம்கூட ஒட்டிப் பார்த்தாள், பார்த்தாளா பிள்ளை? ஜன்னலைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள்... வாசலில் அதிபர் கனகரத்தினத்தின் சப்பாத்துகள் வந்து நின்றன. "உந்தப் பிள்ளையாலை மற்றப் பிள்ளையளின்ரை படிப்பெல்லோ கெடுது. தாயைக் கூப்பிட்டு வீட்டிலையே வைச்சிருக்கச் சொல்லுங்கோ ரீச்சர்." கெட்ட மனிதரில்லை, களைத்த மனிதர். "அவசரப்படாதேங்கோ சேர்," என்றாள் மிரியம், குரல் ஏன் நடுங்குகிறது, அவரிடம் பயமா, இல்லையே...

இடி விழுந்தது. மிரியத்தின் உடம்பு தானாகச் சுருங்கியது. சண்டைக் காலத்தில் தெல்லிப்பழையில், பங்கர்க் குழிக்குள், அப்பாவின் சேட்டுக்குள் முகத்தைப் புதைத்திருந்த சின்னப் பெண்ணுக்கு இந்தச் சத்தம் ஷெல் விழுகிற சத்தம், அது போய் எத்தனை காலம், இடி கேட்டால் உடனே சிரித்துவிடப் பழகியாயிற்று, கணவருக்கே தெரியாது. இப்போதும் சிரித்தாள், பிள்ளைக்காக. அப்போதுதான் குளிர்ந்த, வியர்த்த ஒரு சின்னக் கை அவளுடைய இடது காதில் வந்து அப்பியது. யாரையும் தொடாத கை. இப்படியான பிள்ளைகளுக்கு மற்றவர் மனம் விளங்காது என்று பயிற்சியில் படித்து, அதை எழுதிப் புள்ளியும் வாங்கியவள் அவள்... நிரோஜாவின் ஒரு காது திறந்து கிடந்தது. திரும்பவும் இடி. பிள்ளை துடித்துப்போனாள், பல்லைக் கடித்தாள், மிரியத்தின் காதிலிருந்த கையை மட்டும் எடுக்கவில்லை. ஆண்டவரே, இது என்ன, யார் இவளுக்குச் சொன்னது...

அதிபர் குனிந்து பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "இருங்கோ ரீச்சர். வகுப்பை நான் பாக்கிறன்," என்றார். சப்பாத்துகள் கரும்பலகைப் பக்கம் போயின. வகுப்புப் பிள்ளை ஜெசிதா மேசைக்கு வெளியிலிருந்து குனிந்து எட்டிப் பார்த்து, "ரீச்சர், ஏன் அழுறியள்?" என்றாள், அழுகிறேனா, தெரியவில்லையே... நிரோஜா இப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை, மேசைக்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடிக்குச் சிரித்த அந்தச் சிரிப்பு, ரீச்சருக்குப் பயமில்லை என்று வகுப்பில் எல்லாரையும் நம்பவைத்த சிரிப்பு, முகத்தைப் பார்த்த எல்லாரையும்... அப்படியென்றால் இவள் இத்தனை நாளும் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள்?