பெண் வீட்டுக்கு மேளத்தோடு

பவதாரணி பெப்ரவரியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பெற்றோருக்கு மறுநாள்தான் சொன்னாள். மாப்பிள்ளை ரிஸ்கி இந்தோனேசியாவின் லொம்பொக் தீவைச் சேர்ந்த சசாக் இனத்தவன். சுவிஸில் அவள் தாதியாக இருக்கும் ஆஸ்பத்திரியில் சமையல்காரன். அப்பா ஸ்ரீஸ்கந்தராஜா அன்றோடு மகளுடன் கதைப்பதை விட்டுவிட்டார்.

யூன் மாதம் அவள் அம்மா புனிதவதிக்கு போன் எடுத்தாள்.

"அவையின்ரை ஊரிலை பெட்டையைச் சொல்லாமல் கூட்டிக்கொண்டு போய்த்தான் கட்டுவினமாம். பிறகு சொந்தக்காரர் எல்லாரும் மேளத்தோடை பெண் வீட்டுக்கு நடந்து வருவினம். அப்பதான் ஊருக்கு அது கலியாணம். சனிக்கிழமை வாறம், அம்மா."

"அப்பா கதவு திறக்கமாட்டார், பிள்ளை."

"திறக்காட்டிலும் வருவம்."

சனிக்கிழமை பேர்ண் நகரிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் ரிஸ்கியின் சொந்தக்காரர் முப்பது பேர் வந்து சேர்ந்தார்கள். நகரின் ஓரத்திலுள்ள பூம்ப்ளிஸ் ஸ்டேஷனிலிருந்து பெண் வீட்டுக்கு நடந்தார்கள். முன்னால் இரண்டு ஆண்கள் ஆளுயர மேளங்களைத் தோளில் மாட்டி அடித்தார்கள். பின்னால் ஒரு குடைக்குக் கீழே, தலையில் பொன்னிறப் பூக்களோடு பவதாரணியும் ரிஸ்கியும். அடுக்குமாடிகளின் பால்கனிகளில் சனம் எட்டிப் பார்த்தது. மூன்றாம் மாடியில் ஸ்ரீஸ்கந்தராஜா டிவிச் சத்தத்தைக் கூட்டினார்.

வாசலில் கட்டடப் பொறுப்பாளர் மறித்தார். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை ஓய்வு நேரம், சத்தம் போடக்கூடாது, பொலிசைக் கூப்பிடுவேன் என்றார். மேளம் நின்றது.

அந்த அமைதிதான் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பால்கனிக்கு வரவைத்தது. கீழே மகள் வியர்த்த முகத்தோடு பொறுப்பாளரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கட்டியிருந்த சாரத்தோடேயே படியிறங்கினார்.

"இவர்களை உங்களுக்குத் தெரியுமா?" பொறுப்பாளர் கேட்டார்.

"தெரியும்," என்று ஜெர்மனில் சொன்னார். "என் மகளின் கல்யாணம். ஒரு மணிக்குப் பிறகு அடிப்பார்கள்."

பவதாரணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"எத்தினை பேர்?"

"முப்பது."

"கொம்மா விடியக்காலமையிலையிருந்து சமைக்கிறா. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டு. எல்லாரையும் மேலை வரச் சொல்லு."

வீடு கொள்ளவில்லை, படிக்கட்டிலும் இருந்து சாப்பிட்டார்கள். ஒரு மணிக்கு முற்றத்தில் மீண்டும் மேளம் கிளம்பியபோது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆடினார்கள். ரிஸ்கியோடு ஸ்ரீஸ்கந்தராஜா அன்று ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. அவன் தட்டு காலியானதைக் கண்டு, தானே எழும்பிப் போய் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார்.