சாத்திய வேலிக் கதவு

ஸ்வான்சியில் பாதி ஊரை ஃபெயிலாக்கியவன் என் புருஷன் கெத்தின். ஓட்டுநர் தேர்வு அதிகாரி. கண்ணாடியைப் பார்த்தாயா, கை காட்டினாயா என்று கேட்டுக் கேட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவன், ஓய்வு பெற்ற பிறகு வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தான். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் மோட்டார்ஹோம் வண்டி வாங்க நான் தலையாட்டியதே அதனால்தான். வேல்ஸ் கரை நீளமாகக் கிடக்கிறது, வழியில் யாரையாவது திருத்திக்கொண்டு வரட்டும் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் கார்டிகன் பக்கமிருந்து கரையோரமாகவே வடக்கே ஏறினோம். வேலியெல்லாம் மஞ்சள் பூ, வயலெல்லாம் ஆட்டுக்குட்டி. அதையெல்லாம் பார்க்க விட்டானா? பார்மத் கடற்கரையில் ஒருவன் நாயைக் கயிறில்லாமல் விட்டிருந்தான் என்று சண்டை. ஹார்லெக்கில் ஒரு ஜெர்மன் குடும்பம் கழிவுநீரைத் தப்பான இடத்தில் ஊற்றியது என்று போய்ப் பாடம் நடத்தினான். நான் வண்டிக்குள் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்துகொண்டேன். வெட்கம் என்றால் அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

அபர்டாரோனைத் தாண்டி, கடலைப் பார்த்த சரிவில் ஒரு ஆட்டுப் பண்ணை. வீட்டுக்குப் பக்கத்துப் புல்தரையில் எங்களைப் போன்றவர்கள் நாலைந்து வண்டிகளை நிறுத்தித் தங்கலாம். அன்று எங்கள் வண்டி மட்டும்தான். பண்ணைக்காரி தில்வென் குழாயடியில் என்னிடம் பேச்சுக் கொடுத்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள் இருப்பாள். ஆடுகள் குட்டி போடும் ஈத்துக் காலம், தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. தண்ணீர் நிரம்பும்வரை பேசிக்கொண்டே இருந்தாள். அவள் புருஷன் கொரோன்விக்குக் குளிர்காலத்திலிருந்தே ஞாபகம் தப்புகிறதாம். தீவனம் வாங்கப் போன இடத்தில் டிராக்டரை விட்டுவிட்டு நடந்தே வீடு வந்துவிட்டாராம். மகள் ஆடுகளை விற்றுவிடச் சொல்லி நச்சரிக்கிறாளாம்.

"இந்த ஈத்து முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன். இன்னும் ஒரு தப்பு நடந்தா அவரைத் தனியா வயலுக்கு விட முடியாது, கண்ணு. விடலேன்னா அந்த மனுஷன் எதுக்கு உசிரோட இருக்கணும்?"

நான் ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு வந்தேன். கெத்தினிடமும் சொன்னேன். பாவம் என்றான். சொல்லிவிட்டு, கடலோரப் பாதையில் ஒரு நடை போய்வரக் கிளம்பினான்.

அவன் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நான் வண்டிக்குள் உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் நடுவில் ஒரு வேலிக் கதவு. அகலத் திறந்து, காற்றில் அடிக்காமல் ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கெத்தின் காலால் கல்லைத் தள்ளினான், கதவைச் சாத்தினான், சங்கிலியைச் சுற்றி மாட்டினான், மாட்டியதை இரண்டு தரம் குலுக்கியும் பார்த்தான். உள்ளே வந்து செருப்பை மாற்றும்போது, ஆடு வளர்க்கிறவர்களே கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறார்களே என்று அலுத்துக்கொண்டான்.

வேலிக் கதவை இருந்தபடியே விட்டுவிட்டுப் போக வேண்டும். எங்கள் நாட்டில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? கிழங்கு அடிப்பிடிக்கப் போகிறதே என்று அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டேன்.

ராத்திரி மழையும் குளிருமாக இருந்தது. ஆடுகள் விடிய விடியக் கத்தின. கெத்தின் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரண்டான். விடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, தங்குகிறவர்கள் தூங்க வேண்டாமா என்று பண்ணைக்காரர்களைக் கேட்கப் புறப்பட்டான். மானத்தை வாங்கப் போகிறானே என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

தில்வென் அந்தக் கதவருகே சேற்றில் நின்றிருந்தாள். அவள் காலடியில் நனைந்த சாக்கின்மேல் மூன்று குட்டிகள் கிடந்தன. நான் முதலில் தூங்குகின்றன என்றே நினைத்தேன். சாயங்காலம் தாய் ஆடுகள் தீவனத்துக்குக் கீழே இறங்கியிருக்கின்றன. கதவு மூடியதும் குட்டிகள் மேலேயே மாட்டிக்கொண்டன. இரவு முழுக்கப் பால் இல்லை, ஒண்ட இடமில்லை. தில்வெனும் கொரோன்வியும் ஆடுகள் ஈனும் கொட்டகையிலேயே கிடந்ததால், அங்கிருந்த கத்தலில் இந்தக் கத்தல் காதில் விழவில்லை.

கொரோன்வி சங்கிலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நல்ல உயரமான மனிதர்.

"நீங்கதானே சாத்துனீங்க?" என்று தில்வென் கேட்டாள். திட்டுகிற குரல் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"நான் சாத்தலையே" என்றார் அவர். கொஞ்ச நேரம் சங்கிலியையே பார்த்தார். "சாத்திட்டேனோ?"

நான் கெத்தினைப் பார்த்தேன். முகத்தில் ஈயாடவில்லை. நாயைக் கயிறில்லாமல் விட்டவனிடம் அரைமணி நேரம் பேசிய வாய் திறக்கவே இல்லை. இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று நின்றேன். நான் சொல்லியிருக்கலாம். குட்டிகளைக் கொன்றவனின் பெண்டாட்டியாக அந்தச் சேற்றில் நிற்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் நிஜம்.

உயிரோடிருந்த குட்டிகளைத் தாய்களிடம் இறக்கிவிட வேண்டியிருந்தது. கெத்தின் கதவைப் பிடித்துக்கொண்டான். தில்வென் அதற்கு அவனுக்கு நன்றி வேறு சொன்னாள். பிறகு கொரோன்வியின் கோட்டுப் பையில் கையை விட்டு, வயலுக்குப் போகும் நாலு சக்கர பைக்கின் சாவியை எடுத்துக்கொண்டாள்.  அவள் எடுக்க வசதியாக அவர் கையை லேசாகத் தூக்கிக்கொடுத்தார்.

அரைமணியில் நாங்கள் கிளம்பிவிட்டோம். ஓடிவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். வழி நெடுக கெத்தின் நியாயம் பேசினான். தெரியாமல் நடந்தது, சொன்னால் செத்த குட்டி பிழைக்குமா, எப்படியும் அந்த ஆளுக்கு ஞாபகம் போய்க்கொண்டுதானே இருக்கிறது.  எங்கெங்கோ சுற்றிவிட்டு, மத்தியானம் கிரிக்கியத்தில் கோட்டைக்கு எதிரே வண்டியை நிறுத்தி மீனும் சிப்ஸும் வாங்கி வந்தான். பொட்டலத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"நான்தான்னு போய்ச் சொன்னா என்னை என்னன்னு நினைப்பாங்க, நெஸ்டா?"

"நீ என்னவா இருக்கியோ அப்படித்தான் நினைப்பாங்க. என்னையும் சேர்த்துத்தான். வண்டியைத் திருப்பு."

திருப்பினான். வண்டி அகலத்துக்கே இருந்த சந்துகளில் எதிரே டிராக்டர் வந்தபோதெல்லாம் அவனே பின்னால் எடுத்து வழிவிட்டான். ஒருவரையும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லப்போவதை மட்டும் உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அவன்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

நாங்கள் போனபோது கொரோன்வி சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஈத்து நேரத்தில், பட்டப்பகலில், காலில் வீட்டுச் செருப்பு. தில்வென் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கெத்தின் உட்காரவில்லை. கதவைச் சாத்தியது தான்தான் என்று தொடங்கி, கல்லைத் தள்ளியது, சங்கிலியைச் சுற்றியது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னான். நான் ஜன்னலில் பார்த்ததை நானும் சொன்னேன். 

கொரோன்வி சிரித்தார். அவர் முகம் தெளிந்து சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இல்ல தம்பி, நான்தான் சாத்துனேன். காலையிலேர்ந்து இங்கேயே உக்காந்து யோசிச்சேன், ஞாபகம் வந்துடுச்சு. சங்கிலி கையில ஜில்லுனு இருந்துச்சு. கல்லைக் காலால தள்ளுனேன். பாத்தியா தில்வென், நானா ஞாபகப்படுத்திக்கிட்டேன். எல்லாம் போயிடலே."

இல்லை, நான்தான் என்று கெத்தின் மறுபடியும் தொடங்கினான். கொரோன்வியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கெத்தின் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தில்வென் கையைத் துடைத்துக்கொண்டு எங்களை முற்றத்துக்கு அழைத்து வந்தாள். கோழிக் கூண்டுக்குள் குனிந்து முட்டைகளை எடுத்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அவருக்காகப் பழியை நீங்க ஏத்துக்க இவ்வளவு தூரம் திரும்பி வந்தீங்களே" என்றாள்.

"பழி இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். என் கண்ணால பார்த்தேன்" என்றேன்.

"போதும், கண்ணு." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "காலையில நீங்க ரெண்டு பேரும் அங்கதானே நின்னீங்க? அவர்கிட்டேர்ந்து நான் சாவியை எடுத்ததைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நீங்க சாத்தியிருந்தா அப்பவே சொல்லியிருப்பீங்க. உங்களை மாதிரி மனுஷங்க அப்படி வாயை மூடிக்கிட்டு நிப்பாங்களா?"

கெத்தின் தலையைக் குனிந்துகொண்டான்.  அவள் கிண்ணத்தை நீட்டினாள். முட்டைகளில் இன்னும் சூடு இருந்தது.  வாங்கிக்கொண்டேன்.