பொட்டலமும் வெறும் வயிறும்

ஆதரவற்ற பிள்ளைகள் விடுதிக்கு வந்த முதல் வாரத்திலேயே அவளுக்குப் பொட்டலம் என்று பெயர் விழுந்துவிட்டது. தட்டில் வைப்பதில் பாதி வாய்க்குப் போகும்; மீதியைத் தாளில் மடித்து எங்காவது செருகிவிடுவாள். தலையணை உறை, சன்னல் இடுக்கு, சட்டைக் கை. ஆறு வயதுக்கு அபாரமான கைவேலை. எறும்புகள் மட்டும்தான் துப்புத் துலக்கும்.

சமையல் பார்த்த பெரியம்மா அவற்றை யாரையும் தேட விடவில்லை. பேருந்து நிலையத்தில் தனியாக வளர்ந்த பிள்ளை, நாளை என்ற ஒன்றை எப்படி நம்பும்? "இந்த வீட்டுல ஒரு வேளை கூட உன்ன வெறும் வயித்தோட விடமாட்டேன்" என்று தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தாள். அந்தச் சத்தியம்தான் வம்பில் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

பொட்டலத்தின் இடது பாதம் உள்பக்கமாக மடங்கியிருந்தது. அறுவை செய்து நிமிர்த்தலாம் என்றார்கள். தருமத்துக்கு வைத்தியம் பார்க்க வெளியூரிலிருந்து வரும் மருத்துவர்கள், விடுமுறை நாளைத் தியாகம் செய்து வருகிறவர்கள். முதல் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "காலையில எதுவும் சாப்பிடலையே?" என்று நர்ஸ் கேட்டாள். "இல்ல" என்றாள் பொட்டலம், கன்னம் உப்ப. வாயில் பன்.

அன்று அறுவை நின்றுபோனது. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா கோபப்படவில்லை. பெரியம்மாவைத் தனியே அழைத்து, "மயக்கத்துல இருக்கும்போது வயித்துல உள்ளது மேல வந்து மூச்சுக்குழாய்ல இறங்கிட்டா உயிருக்கே ஆபத்தும்மா. அடுத்த தடவை தவறக்கூடாது. எலும்பு இறுகிட்டே வருது" என்றாள்.

அடுத்த தடவைக்கு முதல் நாள் சாயங்காலம், பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு பெரியம்மா பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்குக் காலையில உனக்குச் சாப்பாடு கிடையாதுடி."

பொட்டலம் நிமிர்ந்து பார்த்தாள். "நான் என்ன தப்பு பண்ணேன்?"

பெரியம்மா அவள் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "ஒரு தப்பும் இல்ல கண்ணு. கால் சரியாகணும்ல? நானும் சாப்பிடமாட்டேன். நீ தூங்கி முழிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்."

"முழிக்கலன்னா?"

பெரியம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். முன்பு ஒரு விபத்தில் அவள் கணவன் அந்த இடத்திலேயே உயிரைவிட, மகளை மட்டும் அறுவை அறைக் கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள். வெளியே நின்றவளுக்குக் கடைசியில் கொண்டுவந்து கொடுத்தது மகளின் செருப்பை மட்டும்தான். ஒண்ட ஒரு இடம் வேண்டும் என்றுதான் இந்த அடுப்படிக்கு வந்திருந்தாள்.

காலையில் பிள்ளை அதே கேள்வியை டாக்டரம்மாவிடம் போட்டாள்.

"முழிக்க வைக்கறதுதான்டி என் வேலை" என்றாள் அவள், கட்டிலோரம் உட்கார்ந்து. "தூங்க வைக்க என்ன பெரிய படிப்பு? பள்ளிக்கூடத்துல வாத்தியாரே செய்வாரு. நான் உன் தலைமாட்ட விட்டு நகரமாட்டேன். ஒண்ணுக்கு வந்தாலும் போகமாட்டேன்."

பொட்டலம் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

நர்ஸுக்குத்தான் நம்பிக்கை இல்லை. "டாக்டர், நான் இவளைச் சோதனை போட்டுடறேன். இவ சரியான கேடி."

"வேண்டாம் சிஸ்டர். நானே கேக்கறேன். ஏன்டி தங்கம், சாப்பிட்டியா?"

பொட்டலம் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு, பெரியம்மாவைப் பார்த்துவிட்டு, பாவாடை மடிப்புக்குள் கைவிட்டு ஒரு தாள் சுருளை எடுத்தாள். உள்ளே ஒரு பன். நேற்றையது. "பாரு, முழுசா இருக்கு. கடிக்கவே இல்ல." அதைப் பெரியம்மா கையில் வைத்து விரல்களை மூடினாள். "நீ தின்னுடாத."

"சத்தியமா மாட்டேன்டி."

கதவு மூடியது. பெரியம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரைப் பிடித்து நின்றாள். யார் வெளியே வந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்த்தாள். ஏதாவது கொண்டுவருகிறார்களா என்று.

டாக்டரம்மா வெறுங்கையோடு வந்தாள். முகமூடியை இறக்கிச் சிரித்தாள். "போங்கம்மா. முழிச்சதும் பன்னத்தான் கேக்கறா."

காலில் வெள்ளைக் கட்டோடு பொட்டலம் கையை நீட்டிக் கிடந்தாள். பெரியம்மா விரலைத் திறந்தாள். பன் தோசைபோல் தட்டையாகியிருந்தது.

"நசுக்கிட்டியே!"

"முதல்ல தண்ணி. அது வயித்துல தங்கினா அப்புறம் பன்னு" என்ற டாக்டரம்மா, தானும் கையை நீட்டினாள். "எனக்கு இல்லையா? காலையிலேர்ந்து உன் தலைமாட்டுலயே இருந்தேன். பசிக்குது."

பொட்டலம் பன்னைப் பார்த்தாள், பெரியம்மாவைப் பார்த்தாள். கணக்குச் சரிப்படவில்லை.

"இது எங்க ரெண்டு பேருக்கு" என்றாள். "நீங்க நாளைக்கு வாங்க. தரேன்."